தீயணைப்பு வண்டியின் சொந்தக்காரர் யார்?

தீயணைப்பு வண்டிகளின் பராமரிப்பைத் தனியாரிடம் விட்டால் செலவு குறையும் என்று யாராவது பேச ஆரம்பித்தால் எனக்கு உடனே லண்டன் ஞாபகம்தான் வரும். அந்த மாநகரத்தின் தீயணைப்பு வண்டிகளை வைத்திருந்த நிறுவனம் 2012இல் கைமாறியது. விலை இரண்டு பவுண்டு. இரண்டு மில்லியன் இல்லை, வெறும் இரண்டு.

2001இல் லண்டன் தீயணைப்புத் துறை ஆசெட்கோ என்ற நிறுவனத்துடன் இருபது வருட ஒப்பந்தம் போட்டது. பழுது பார்க்கிற வேலையை மட்டும் கொடுத்திருந்தால் இந்தப் பதிவே எழுத வேண்டியிருக்காது. கிட்டத்தட்ட 500 வண்டிகளும், ஏணி, குழாய் என்று சுமார் 50,000 உபகரணங்களும் அந்த நிறுவனத்தின் பொறுப்புக்குப் போயின. வண்டி அவர்களுடையது, பராமரிப்பு அவர்களுடையது, புது வண்டி வாங்குவதும் அவர்கள் வேலை. துறை வாடகை கட்டி ஓட்டும். அப்போது பிரிட்டனில் அரசுத் துறைகள் பலவும் இந்த மாதிரிதான் ஒப்பந்தம் போட்டன. மொத்தப் பணத்தையும் முதலிலேயே எடுத்து வைக்க வேண்டாம், கடன் அரசுக் கணக்கில் ஏறாது. கையெழுத்துப் போடுகிறவருக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்? புது வண்டிகள் வந்தன என்பதும் உண்மைதான், அதை மறைக்க வேண்டியதில்லை.

நான் லாரிப் பட்டறையில் வேலை பார்ப்பவன். தீயணைப்பு வண்டியை இன்னொரு லாரி என்று நினைப்பவர்கள் அதன் கீழே படுத்துப் பார்த்ததில்லை. சரக்கு லாரி பாதி நேரம் காலியாக ஓடும். இது நிற்கும்போதும் முழுப் பாரத்தோடுதான் நிற்கிறது. தொட்டியில் ஆயிரம் லிட்டருக்கு மேல் தண்ணீர், மேலே ஏணி, பக்கவாட்டில் எல்லாச் சாமானும். டயர் தேய்வதற்கு முன்பே வயதாகிவிடும். மணி அடித்தால் குளிர்ந்து கிடக்கிற எஞ்சினை அடுத்த நிமிடமே முழு வேகத்தில் விரட்ட வேண்டும். போய்ச் சேர்ந்ததும் வண்டி நின்றுவிடும், ஆனால் எஞ்சின் நிற்காது, பம்பைச் சுற்ற மணிக்கணக்காக உறுமிக்கொண்டே இருக்கும். அதனால் கிலோமீட்டர் கணக்கைப் பார்த்து இந்த வண்டியின் தேய்மானத்தை அளக்க முடியாது, எஞ்சின் ஓடிய மணிக்கணக்குதான் பேசும்.

அப்புறம் காற்றுக் கசிவு. ஏர் பிரேக்கில் காற்று இறங்கிவிட்டால் வண்டி நகராது. அதனால்தான் நிலையத்தில் நிற்கும்போதே சார்ஜர் வயரும் காற்றுக் குழாயும் மாட்டி வைக்கிறார்கள். பம்பில் நூலளவு கசிவு இருந்தாலும் குளத்திலிருந்து தண்ணீர் ஏறாது. அதைக் கண்டுபிடிக்க எல்லா வாயையும் மூடி, உள்ளே இருக்கிற காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, மீட்டர் முள் இறங்குகிறதா என்று கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு குணம் உண்டு. எந்த வண்டியின் முள் எங்கே போய்த் தயங்கும் என்று தெரிந்த கைகள் வருடக்கணக்கில் உருவாகின்றன. பட்டறையை ஒப்படைக்கும்போது அந்தக் கைகளையும் சேர்த்தே ஒப்படைக்கிறோம். திரும்ப வேண்டும் என்றால் டெண்டர் போட்டு வாங்க முடியாது.

இன்னொன்று. ஒப்பந்தத்தில் பொதுவாக "இத்தனை சதவீத வண்டிகள் தயாராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அபராதம்" என்று இருக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பழுதான வண்டிக்குப் பதில் பழைய ஸ்பேர் வண்டி ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் கணக்கில் அது "தயார்"தான். சாமான்களை எல்லாம் இறக்கி, பழக்கமில்லாத அலமாரிகளில் ஏற்றி, இருட்டில் எது எங்கே இருக்கிறது என்று தேடப் போகிறவர் தீயணைப்பு வீரர். அந்தத் தவிப்பு எந்தச் சதவீதத்திலும் ஏறாது.

லண்டனுக்கு வருகிறேன். 2010 அக்டோபரில் ஷிஃப்ட் நேர மாற்றத்தை எதிர்த்துத் தீயணைப்பு வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அன்று மாற்று ஆட்களை வைத்து 27 வண்டிகளை ஓட்டியது யார்? அதே ஆசெட்கோ. அதற்கும் தனி ஒப்பந்தம் இருந்தது. வீரர்களின் வண்டியைப் பழுது பார்க்கிற நிறுவனமே அவர்களுடைய போராட்டத்துக்கு எதிர்ப்பக்கம் நின்றது. மறுநாள் பிரேக் சரியில்லை என்று அவர்களிடம்தானே போய்ச் சொல்ல வேண்டும்? பட்டறைக்கும் நிலையத்துக்கும் நடுவில் நம்பிக்கை இல்லையென்றால் சின்னக் குறைகள் காகிதத்துக்கே வராது.

2011இல் நிறுவனம் கடனில் மூழ்கியது. தீயணைப்பு வீரர்கள் சங்கம் அப்போதே, கம்பெனி திவாலானால் வண்டிகள் என்ன ஆகும் என்று கேட்டது. எவ்வளவு நியாயமான கேள்வி! மறுவருடம்தான் அதன் லண்டன் கிளை நிறுவனம் அந்த இரண்டு பவுண்டுக்குக் கைமாறியது. பிறகு பராமரிப்பு வேலை பேப்காக் நிறுவனத்திடம் போனது. ஆசெட்கோவின் 2009, 2010 கணக்குகளைத் தணிக்கை செய்த கிராண்ட் தார்ன்டன் மீது வழக்கு நடந்து, 2019இல் இரண்டு கோடி பவுண்டுக்கு மேல் இழப்பீடு தரச் சொல்லித் தீர்ப்பு வந்தது. தொழிலே கணக்குப் பார்ப்பதாக இருப்பவர்களே கோட்டை விட்ட இடத்தில், வருடத்துக்கு இரண்டு கூட்டத்தில் கோப்பைப் புரட்டுகிற நகரசபை உறுப்பினர் எதைக் கண்டுபிடிப்பார்?

அரசுப் பட்டறை என்றால் மந்தம் என்பார்கள். சில இடங்களில் மந்தம்தான். ஆனால் பெரும்பாலும் மெக்கானிக் சும்மா உட்கார்ந்திருப்பது ஒரு வால்வுக்கோ சீலுக்கோ நாலு மேசை தாண்டிக் கையெழுத்து வர வேண்டும் என்பதால். அந்த உதிரிபாகத்தை நேரடியாக வாங்கும் அதிகாரத்தைப் பட்டறைத் தலைவருக்குக் கொடுத்துப் பாருங்கள். அதைச் செய்து பார்க்காமலேயே மொத்தத்தையும் தூக்கிக் கொடுப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பெயின்ட் அடிப்பது, சீட் மாற்றுவது, எஞ்சின் கம்பெனிக்காரர் செய்ய வேண்டிய பெரிய வேலை, இதையெல்லாம் வெளியே கொடுங்கள், தப்பில்லை. வண்டியின் பதிவு நகரத்தின் பெயரில் இருக்கட்டும். பம்ப், பிரேக், ஏணி மூன்றையும் சோதித்து "இது போகலாம், இது போகக்கூடாது" என்று சொல்கிறவர் நகரத்தின் சம்பளத்தில் இருக்கட்டும். பழுதுக் கணக்கு முழுவதும் நகரத்தின் கம்ப்யூட்டரில் இருக்கட்டும். இந்த மூன்றும் இல்லாத ஒப்பந்தம் உங்கள் ஊரில் மேசைக்கு வந்தால், கையெழுத்தாவதற்கு முன்பே உங்கள் கவுன்சிலரிடம் போய்க் கேளுங்கள்.