லவ் பேர்ட்ஸ் வாங்கப் போகிறவர்களுக்கு

போன ஞாயிற்றுக்கிழமை காலை துணி காயப்போட மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு மஞ்சள் லவ் பேர்ட் ஒடுங்கிக் கிடந்தது. சுற்றி மூன்று காக்கைகள். ஒரு பக்க இறக்கையில் ரத்தம். கையில் எடுத்தால் கனமே தெரியவில்லை, நெஞ்சு மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. சாயங்காலத்துக்குள் இறந்துவிட்டது.

விசாரித்ததில் பக்கத்துத் தெரு அக்கா வீட்டுப் பறவை. பையனுக்குப் பரீட்சை, கூண்டு கழுவ ஆளில்லை என்று கதவைத் திறந்து விட்டிருக்கிறார். "பாவம் தம்பி, எங்கேயாவது பறந்து போய்ப் பிழைச்சுக்கட்டும்னுதான் விட்டேன்" என்றார்.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நல்லது என்று நம்பித்தான் செய்தார். ஆனால் நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று விற்பது பெரும்பாலும் பட்ஜெரிகர் என்ற ஆஸ்திரேலியக் குட்டிக்கிளி. கடைக்கு வருபவை தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பொரித்தவை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கே இரை கிடைக்கும், காக்கை வந்தால் எங்கே பதுங்க வேண்டும் என்று அதற்கு எதுவும் தெரியாது. சொந்த நாட்டில் அதன் நிறம் பச்சை. இந்த மஞ்சளும் வெள்ளையும் மனிதர்கள் அழகுக்காகப் பிரித்து வளர்த்தவை. வேப்பமரத்தில் உட்கார்ந்தால்கூட மறைய முடியாது. இரக்கப்படுவதாக இருந்தால் கடையில் காசை எடுக்கும் முன்னால் இரக்கப்பட வேண்டும்.

ஒரு ஜோடி சில நூறு ரூபாய்தான். பிறந்தநாளுக்குப் பொம்மை வாங்குவதுபோல வாங்கிவிடுகிறோம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பட்ஜெரிகர் 5 முதல் 10 வருடம் இருக்கும். காக்கடீல் என்ற கொண்டை வைத்த கிளி 15 வருடத்தையும் தாண்டும். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வாங்கித் தரும் காக்கடீல், அந்தப் பிள்ளை காலேஜ் முடிக்கும்போதும் வீட்டில் இருக்கும்.

நானும் தெரியாமல் ஆரம்பித்தவன்தான். முதல் ஜோடியை ஹாலில் வைத்து, ராத்திரி முழுக்கக் கொசுவத்தி ஏற்றி, தினையைத் தவிர வேறு எதுவும் கொடுக்காமல் வளர்த்தேன். ஒருநாள் ஆண் பறவை இறகைச் சிலிர்த்துப் பந்துபோல உட்கார்ந்திருந்தது. மூச்சு விடும்போதெல்லாம் வால் மேலும் கீழும் ஆடியது. குளிர் என்று நினைத்துத் துணியைப் போர்த்தினேன். மறுநாள் கூண்டின் தரையில் கிடந்தது. பறவைகள் நோயை வெளியே காட்டாது. பலவீனம் தெரிந்தால் வேட்டையாடும் பிராணிக்கு இரையாகிவிடும் என்பதால் முடிந்தவரை மறைக்கும். நமக்குத் தெரியும்போது நிலைமை முற்றிப் போயிருக்கும். இப்போது வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை பார்க்கிறேன். 35 கிராம் பறவையில் 3 கிராம் குறைவது, 60 கிலோ ஆள் 5 கிலோ இளைத்ததற்குச் சமம். அப்படிக் குறைந்தால் அன்றைக்கே புதுச்சேரி குருமாம்பேட் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவேன்.

வீட்டில் கொசுவத்தியும் சாம்பிராணியும் நின்றுபோயின. நான்ஸ்டிக் பாத்திரம் அளவுக்கு மேல் சூடானால் வரும் புகை பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும் என்று தெரிந்ததும், அம்மா பழைய இரும்புத் தோசைக்கல்லுக்கே திரும்பிவிட்டார்.

தினை மட்டும் போதாது. முருங்கைக்கீரையை ஈர்க்கோடு கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள், தலைகீழாகத் தொங்கி உருவித் தின்னும்! சுண்ணாம்புச் சத்துக்குக் கடல் நுரை வேண்டும். கணவாய் மீனின் உள் ஓடுதான் அது. தேவனாம்பட்டினம் கடற்கரையில் நடந்தால் சில நாள் நாலைந்து கிடைக்கும். உப்புப் போக நல்ல தண்ணீரில் சில நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி, வெயிலில் காயவைத்துக் கொடுக்கிறேன். இந்தச் சத்து இல்லாத பெட்டைக்கு முட்டை வெளியே வராமல் அடைத்து உயிரே போகும். குஞ்சுகளை வைத்துக்கொள்ள இடமில்லை என்றால் கூண்டில் முட்டையிடும் பானையே கட்டாதீர்கள்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது கரண்ட் இல்லை, காற்று அலறியது. கூண்டை உள் அறைக்கு மாற்றி, மூன்று பக்கம் போர்வை போட்டு, டார்ச்சோடு விடியவிடிய உட்கார்ந்திருந்தோம். எத்தனை வீட்டு பால்கனியில் கூண்டு அப்படியே தொங்கியதோ!

அப்புறம் பச்சைக்கிளி. அதை வாங்குவதும் விற்பதும் வீட்டில் வளர்ப்பதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2024 தேர்தல் சமயத்தில் நம் தென்னம்பாக்கத்தில் வேட்பாளர் ஒருவருக்கு ஜோசியம் பார்த்தவரின் கிளிகளை வனத்துறை பிடித்துப் போனபோது ஊரே அரசியல் பேசியது. எனக்கு அந்தச் சின்னப் பெட்டிக்குள் இருந்த கிளிகள்தான் நினைவில் நிற்கின்றன.

லவ் பேர்ட்ஸ் வாங்கிவிட்டீர்கள், பார்த்துக்கொள்ள முடியவில்லை. சரி, எனக்கு மெசேஜ் போடுங்கள். கடலூருக்குள் என்றால் நானே கூண்டோடு வந்து எடுத்துக்கொள்கிறேன். கதவை மட்டும் திறந்து விடாதீர்கள்.