ஜூல் கணக்கு மானை வீழ்த்தாது

பெருவிலங்கு வேட்டைத் தோட்டா என்று பேச்செடுத்தாலே "எல்க் மானுக்கு இத்தனை ஜூல் இருந்தால் போதும்" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். ஜூல் என்பது குண்டின் ஆற்றலை அளக்கும் அலகு, வெறும் தாள் கணக்கு. குண்டு உள்ளே போய் விரிந்ததா, நுரையீரல் இரண்டையும் கடந்ததா என்பதுதான் கேள்வி. அதைத் தீர்மானிப்பவை இரண்டு: படும் நேரத்தில் குண்டுக்கு இருக்கும் வேகம், குண்டின் கட்டுமானம்.

.308 வின்செஸ்டர் என்ற தோட்டா வகையில் 165 கிரெய்ன் (10.7 கிராம்) குண்டை எடுத்துக்கொள்வோம். குழலை விட்டுக் கிளம்பும்போது நொடிக்குச் சுமார் 820 மீட்டர். 300 மீட்டரில் ஏறக்குறைய 630. 450 மீட்டரில் 550-ஐ ஒட்டி வந்துவிடும். செம்பு உறைக்குள் ஈயம் வைத்த சாதாரண குண்டுகள் பலவற்றுக்கு இந்த 550தான் விரிவதற்கான கீழ் எல்லை. அதற்குக் கீழே போனால் காளான்போல மலராமல், 7.8 மில்லிமீட்டர் துளை போட்டு மறுபக்கம் போய்விடும். ஆற்றல் கணக்கில் அப்போதும் 1,500 ஜூலுக்கு மேல் இருக்கும்! விலங்கோ ரத்தத் தடம்கூட விடாமல் ஓடி, மணிக்கணக்கில் துடித்துச் சாகக்கூடும்.

பக்கத்தில் சுட்டால் கதை நேர்மாறு. மருந்து அதிகம் அடைத்த, வேகம் கூடிய .300 வின்செஸ்டர் மேக்னம் தோட்டாவின் மெல்லிய உறைக் குண்டு 30 மீட்டரில், 880 மீட்டர் வேகத்தில் முன்சப்பை எலும்பில் பட்டால், எலும்பிலேயே நொறுங்கிவிடலாம். மேலே பெரிய காயம், உள்ளே ஒன்றுமில்லை. மேக்னம் வாங்கினால் எல்லாத் தூரத்துக்கும் தீர்வு என்று நம்புகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். வேகம் கூடக் கூட, குண்டும் உறுதியாக இருந்தாக வேண்டும்.

1946-ல் ஒரு மூஸ் (பெரிய மான் இனம்) விஷயத்தில் குண்டு உள்ளே இறங்காமல் போனதால்தான் அமெரிக்க வேட்டைக்காரர் ஜான் நாஸ்லர் நடுவில் தடுப்புச் சுவர் வைத்த குண்டை உருவாக்கினார். முன்பாதி மலரும், பின்பாதி எடை குறையாமல் துளைத்துக்கொண்டு போகும். இன்றைக்கும் அந்த யோசனைக்கு வயதாகவில்லை. முழுச் செம்புக் குண்டு எடையில் 95 சதவீதத்துக்கு மேல் தக்கவைக்கும், எலும்பையும் மதிக்காது. ஆனால் அது மலரக் கூடுதல் வேகம் கேட்கும். 600-க்குக் கீழே பலவற்றை நம்ப முடியாது. மேலே சொன்ன .308-ல் அந்த வேகம் வருவது ஏறக்குறைய 350 மீட்டர் தூரத்தில். அதனால் செம்புக்கு ஒருபடி எடை குறைந்த குண்டை எடுத்து வேகத்தைக் கூட்டுவதே சரி. செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது, அதே எடைக்குக் குண்டு நீளும். குண்டைச் சுழலவைக்கும் குழலின் உட்புரி முறுக்கு போதாவிட்டால் குண்டு தள்ளாடும்.

பெட்டியில் அச்சடித்த வேகத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அது பெரும்பாலும் 24 அங்குலக் குழலில் அளந்தது. ஓர் அங்குலம் குறைந்தால் 6 முதல் 9 மீட்டர் வேகம் போகும். 18 அங்குலக் குழல் என்றால் 50 மீட்டர்வரை இழப்பு. இந்தக் குண்டுக்கு 100 மீட்டருக்குச் சுமார் 60 மீட்டர் வேகம் குறைவதால், உங்கள் தூர எல்லை 75, 80 மீட்டர் முன்னாலேயே வந்துவிடும். குரோனோகிராஃபில் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) உங்கள் துப்பாக்கியின் வேகத்தை அளந்து, தூரத்துக்கேற்ப வேகத்தைக் கணக்கிடும் பேலிஸ்டிக் செயலியில் போட்டு, குண்டுத் தயாரிப்பாளர் சொன்ன கீழ் எல்லை வேகத்தோடு நொடிக்கு இன்னும் 30 மீட்டர் சேர்த்துப் பாருங்கள். அந்த வேகம் எந்தத் தூரத்தில் வருகிறதோ, உங்கள் துப்பாக்கிக்கு வேட்டை அங்கே முடிந்தது, இலக்குத் தகட்டில் 600 மீட்டரில் மணியடித்தாலும் சரி.