குற்றாலத்தில் தடை போட்டால் கோபப்படாதீர்கள்

சாரல் சீசன் தொடங்கினாலே ஒரு புலம்பல் தவறாமல் வரும்: "அவ்வளவு தூரம் போனோம், குளிக்கவே விடல!" வண்டி பிடித்து, ரூம் போட்டுப் போனவருக்கு ஆத்திரம் வரத்தான் செய்யும். ஆனாலும் வெள்ளம் வரும்போது அருவியில் குளிக்கப் போடும் அந்தத் தடை சரி.

மலையின் வாகு அப்படி. சிற்றாறு என்ற ஆறு பிறக்கும் இடத்துக்கும், அது விழும் முக்கிய அருவியான பேரருவிக்கும் தூரம் குறைவு, சரிவு அதிகம். கீழே வெயில் அடிக்கும்போதே மேலே மழை வெளுத்து வாங்கும். சாதாரண நாளில் உச்சியிலிருந்து விழும் தண்ணீர் பொங்குமாகடல் என்ற ஆழமான பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து, வழிந்துதான் நம் தலைக்கு வருகிறது. வெள்ளம் வந்தால் அந்தத் தணிப்பு போதாது; கல்லும் கட்டையும் சேர்ந்தே இறங்கும். "ஆர்ச்சைத் தாண்டி விழுது", அதாவது பேரருவியில் கட்டியிருக்கும் வளைவையும் தாண்டித் தண்ணீர் கொட்டுகிறது என்று உள்ளூர்க்காரர் சொன்னால் அன்றைக்குப் பேரருவியை மறந்துவிட வேண்டியதுதான்.

சீசன் ஜூனில்தானே, அதற்கு முன்னால் பயமில்லை என்று நினைப்பதும் தப்பு. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. அது கோடை மழை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் இதே வேலையைச் செய்யும்.

குளிக்கும்போது தண்ணீரைக் கவனியுங்கள். தெளிந்த தண்ணீர் செம்மண் கலங்கலாக மாறுவது, இலை தழை சுள்ளி மிதந்து வருவது, இரைச்சல் திடீரென்று கனப்பது: மூன்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே வெளியே வாருங்கள். விசில் சத்தத்துக்குக் காத்திருக்க வேண்டாம். துணி, செருப்பு, போன் எதற்காகவும் திரும்பிப் போகாதீர்கள்.

பேரருவியில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம் என்பதால் குடும்பம் அங்கேயே பிரிந்துவிடும். எந்தப் பிள்ளை யார் கையில், வெளியே வந்து எங்கே நிற்பது என்பதை இறங்கும் முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒன்றைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள்.

எண்ணெய், சோப்பு, ஷாம்பு வேண்டாம். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை போட்டு எத்தனையோ வருஷமாகியும் சிலர் விடுவதாயில்லை. ஒருவர் தேய்த்த எண்ணெய் பாறையில் படிந்து, பின்னால் வரும் வயசாளியை வழுக்கிவிடுகிறது.

வார நாளில் விடியற்காலையில் போனால் நெரிசல் குறைவு. முடிந்தால் இரண்டு நாளாகத் திட்டமிடுங்கள். முதல் நாள் தடை என்றாலும் மறுநாள் தண்ணீர் வடிந்துவிட வாய்ப்புண்டு. அதற்குள் புலியருவி திறந்திருக்கிறதா என்று ஆட்டோக்காரரிடம் கேளுங்கள். இல்லையென்றால் குற்றாலநாதர் கோயிலைச் சேர்ந்த சித்திர சபையின் சுவரோவியங்களை நிதானமாகப் பாருங்கள்.