துணைநிலைக் கோட்பாடு மட்டும் போதாது

கீழ்மட்டத்தில் முடிகிற வேலையை அரசு பிடுங்கக் கூடாது என்று திருச்சபையே சொல்வதால் கத்தோலிக்கரும் லிபர்ட்டேரியன்களும் (அரசின் தலையீட்டைக் குறைத்துத் தனிமனித சுதந்திரத்தை முதன்மையாக வைப்பவர்கள்) ஒரே பக்கம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. துணைநிலைக் கோட்பாடு எனப்படும் இது திருத்தந்தை 11ஆம் பயஸின் 1931ஆம் ஆண்டுச் சுற்றுமடலில், 79ஆம் எண்ணில் இருக்கிறது. கொஞ்சம் தள்ளி 88ஆம் எண்ணையும் படியுங்கள்: பொருளாதார ஒழுங்கைத் தடையற்ற போட்டியிடம் விட்டுவிட முடியாது என்கிறது.

மோதல் பளிச்சென்று தெரிவது கூலியில்தான். இருவர் மனமொப்பிச் செய்த ஒப்பந்தத்தில் அநீதி இல்லை என்பது லிபர்ட்டேரியன் அடிப்படை. திருத்தந்தை 13ஆம் லியோ 1891இல் ‘ரேரும் நோவாரும்’ மடலில் இதை நேராகவே மறுக்கிறார். வேறு வழியில்லாமல் மோசமான நிபந்தனைக்கு இசையும் தொழிலாளி வன்முறைக்கும் அநீதிக்கும் ஆளானவர். சிக்கனமாக, ஒழுங்காக வாழ்பவர் பிழைக்கக் கூலி போத வேண்டும், இது ஒப்பந்தத்துக்கும் முந்திய இயற்கை நீதி என்கிறார். ஆனால் அதே இடத்தில், வேலை நேரம் போன்றவற்றில் அரசு தேவையில்லாமல் நுழையாதபடி அவற்றைத் தொழிற்சங்கங்களிடம் விடலாம் என்றும் எழுதுகிறார். கட்டுரையாளருக்கு உண்மையிலேயே வலுச் சேர்க்கும் இடம் இதுதான், அதை விட்டுவிட்டார்.

சொத்துரிமையிலும் இணக்கம் பாதிவழிதான். தனிச்சொத்தை ஏற்கும் இடைக்காலக் கத்தோலிக்க இறையியலாளர் அக்குவினாஸ், உயிர்போகும் தேவையில் பிறர் பொருளை எடுப்பது திருட்டே அல்ல என்கிறார். லிபர்ட்டேரியன் சிந்தனையாளர் ரோத்பார்டின் சொத்துக் கொள்கையில் அதற்கு இடமில்லை.