ஓ.எம்.ஆருக்கு வேலை வந்தது, தண்ணீர் எப்போது வரும்?

சென்னையின் ஓ.எம்.ஆரை, அதாவது பழைய மகாபலிபுரம் சாலையை, திட்டுகிறவர்கள் முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 2000-ல் தரமணியில் டைடல் பார்க் என்ற ஐ.டி. வளாகம் வந்து, அதன் பின்னால் வரிசையாக ஐ.டி. கம்பெனிகள் வராமல் போயிருந்தால், விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கமிருந்து படித்துவிட்டு வந்த எத்தனையோ முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு இந்தச் சம்பளம் கனவாகவே இருந்திருக்கும். நைட் ஷிப்ட் முடித்துக் கம்பெனி கேபில் வந்து இறங்கும் பெண்களை எங்கள் தெருவில் தினமும் பார்க்கிறேன். அவர்கள் சம்பளத்தில் ஊரில் ஓட்டு வீடு மெத்தை வீடாகியிருக்கிறது, தம்பிக்கு காலேஜ் ஃபீஸ் கட்டியாகிறது. கல்யாணத்தை இன்னும் இரண்டு வருஷம் தள்ளிப்போடுங்கள் என்று அப்பாவிடம் நேராகச் சொல்லும் தைரியமும் அவர்களுக்கு வந்திருக்கிறது. வளர்ச்சியே வேண்டாம் என்று அவர்களிடம் போய் யாராலும் சொல்ல முடியாது. நானும் சொல்ல மாட்டேன்.

என் கோபமெல்லாம் எது முன்னால் வந்தது, எது பின்னால் தள்ளப்பட்டது என்பதில்தான். 2008-ல் ஆறு வழிச் சாலையைத் திறந்து சுங்கம் வசூலிக்கத் தொடங்கினார்கள். 2011-ல் பெருங்குடி, சோழிங்கநல்லூர் எல்லாம் மாநகராட்சிக்குள் வந்து, 174 சதுர கிலோமீட்டர் சென்னை 426 சதுர கிலோமீட்டர் ஆனது. சொத்து வரி வந்தது, பதினைந்து மாடிக் கட்டடங்களுக்கு அனுமதி வந்தது. குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் மட்டும் பல இடங்களுக்கு இன்னும் வந்தபாடில்லை.

எங்கள் குடியிருப்பில் விடியற்காலையிலேயே தண்ணீர் லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்கும். வாட்ச்மேன் அண்ணன் சம்ப் மூடியைத் திறந்து, ஹோஸிலிருந்து வரும் முதல் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி நாக்கில் வைத்துப் பார்ப்பார். உப்பு அதிகமாக இருந்தால் டிரைவரோடு வாக்குவாதம். அந்த லாரி நகர்ந்த பிறகு கழிவுநீர் லாரி வரும். ஒன்று கொண்டுவந்து கொட்ட, மற்றது உறிஞ்சிக்கொண்டு போக. இரண்டுக்கும் சேர்த்துத்தான் மெயின்டனன்ஸ் கட்டுகிறோம். நல்ல தண்ணீர் என்று வருவதும் பெரும்பாலும் புறநகர்க் கிராமத்து விவசாயக் கிணறுகளில் இறைத்ததுதான். 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது, தண்ணீர் இல்லாமல் சில கம்பெனிகள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னது நினைவிருக்கும்.

அதே பகுதிதான் 2015-லும், 2023 மிக்ஜாம் புயலிலும் மூழ்கியது. தென்சென்னையின் 30-க்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலில் சேர வேண்டும். ஓ.எம்.ஆரோ அந்த வழிக்குக் குறுக்கே ஓடுகிறது. மழைநீர் தேங்கி நிற்க வேண்டிய சதுப்பு நிலமும் ஒரு காலத்தில் சுமார் 50 சதுர கிலோமீட்டர் இருந்தது. இன்று எஞ்சியதில் 1,248 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 12.5 சதுர கிலோமீட்டருக்கு, சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரம் 2022-ல் கிடைத்தது. ஆக்கிரமிப்பு என்றதும் எல்லோரும் குடிசைகளைத்தான் கைகாட்டுகிறார்கள். பெருங்குடி குப்பைக் கிடங்கு, பறக்கும் ரயில் பாதை, அரசு நிறுவன வளாகங்கள் எல்லாம் எதன் மேல் நிற்கின்றன?

கண்ணகி நகரையும் பெரும்பாக்கத்தையும் விட்டுவிட்டு ஓ.எம்.ஆரைப் பற்றிப் பேசவே கூடாது. நகரத்தை அழகாக்குகிறோம், ஆற்றங்கரையை மீட்கிறோம் என்று கூவம், அடையாறு கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். வீடு கொடுத்தார்கள், சரி. வேலை மயிலாப்பூரிலும் தி.நகரிலும் இருக்கிறதே? வீட்டு வேலைக்குப் போகும் அக்காக்கள் இன்றைக்கும் இருட்டோடு எழுந்து பஸ் பிடிக்கிறார்கள். பலர் இங்குள்ள ஐ.டி. கட்டடங்களிலேயே ஹவுஸ்கீப்பிங் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்கள். அந்தக் கட்டடங்கள் பளபளவென்று இருப்பது அவர்களால்தான். வளர்ச்சியில் அவர்கள் பங்கு என்ன என்று எந்த மேடையிலும் யாரும் கேட்பதில்லை.

"வேலையும் வேண்டும், ஏரியும் வேண்டும் என்றால் எப்படி?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் வேண்டும் என்றுதான் சொல்கிறேன். முதலில் வடிகாலும் குழாயும், அப்புறம் கட்டட அனுமதி என்று வைத்தால் எந்தக் கம்பெனியும் ஓடிப்போகாது. தண்ணீர் இல்லாவிட்டால்தான் போகும்.

இப்போது மாதவரம் முதல் சிறுசேரி வரை மெட்ரோ ரயில் வேலை நடக்கிறது, அதைக் காட்டியே ஃபிளாட் விற்கிறார்கள். வாங்கப் போகிறவர்கள் நீச்சல் குளத்தைப் பார்ப்பதற்கு முன் மூன்று விஷயம் கேளுங்கள்: மெட்ரோ வாட்டர் (குடிநீர் வாரிய) இணைப்பு இருக்கிறதா, கழிவுநீர் எங்கே போகிறது, 2015-லும் 2023-லும் இந்த மனையில் எவ்வளவு தண்ணீர் நின்றது. கடைசிக் கேள்வியை விற்பவரிடம் மட்டும் கேட்காதீர்கள், பக்கத்து டீக்கடைக்காரரிடமும் கேளுங்கள். அதற்குப் பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.