பேய் எப்போது வரும் என்று கேட்டவர்களுக்கு

சனிக்கிழமை இரவு எங்கள் வீட்டு ஹாலில் நடந்ததை இதற்குள் எல்லோரும் அறிந்திருப்பீர்கள். அறிய வைத்தவர் அத்தான். "பேய்ப் படம் என்று சொல்லி எங்களைத் தூங்க வைத்த புண்ணியவதி" என்று அவர் வைத்த ஸ்டேட்டஸை எனக்கே நான்கு பேர் அனுப்பிவிட்டார்கள். சிரித்து முடித்தாயிற்றா? இப்போது நான் சொல்வதையும் கேளுங்கள்.

"நிஜமாகவே பயமாக இருக்கிற படம் ஒன்று போடு" என்று கேட்டது நீங்கள். 2022இல் வந்த 'பூதகாலம்' என்ற மலையாளப் படத்தைப் போட்டேன். விளக்கை அணைக்க விடவில்லை. வெங்காய பஜ்ஜித் தட்டு கை மாறிக்கொண்டே இருந்தது. மூன்று பேர் கைப்பேசியில் மூழ்கியிருந்தார்கள். அதில் ஒருவர் கிரிக்கெட் ஸ்கோரை உரக்க வாசித்தார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை "பேய் எப்போது வரும்?" என்று அத்தான் கேட்டார், ஏதோ பஸ்ஸுக்குக் காத்திருப்பவரைப் போல. படம் பயமுறுத்தவில்லையாம். பயப்படுவதற்கு நீங்கள் உட்காரவே இல்லையே!

காதைக் கிழிக்கிற சத்தத்தோடு தலைவிரி கோலமாக ஒருத்தி திரையில் பாய்ந்தால் அது பயம் என்கிறீர்கள். குக்கர் விசிலுக்கும் நான் திடுக்கிடுகிறேன். குக்கர் என்ன பேயா?

2009இல் 'யாவரும் நலம்' படத்தை அம்மாவோடு தியேட்டரில் பார்த்தேன். புது வீட்டுக்குக் குடிபோன மாதவனுக்குப் பால் திரியும். லிஃப்ட் அவருக்கு மட்டும் நகராது. இப்படிச் சின்னச் சின்னதாகத்தான் அந்தப் படம் ஆரம்பிக்கும். மறுநாள் காலை எங்கள் வீட்டுப் பாலும் திரிந்துவிட்டது. வெயில் காலம், ஃபிரிட்ஜும் பழையது, காரணம் சொல்ல ஆயிரம் இருந்தன. ஆனாலும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டுப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் நானும் நின்றேன். இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. அதன் பிறகு ஒரு வாரம் பாலை முகர்ந்து பார்த்துத்தான் அடுப்பில் வைத்தாள். அதைத்தான் நான் பயம் என்கிறேன். நாங்கள் கைப்பேசியும் பஜ்ஜியும் இல்லாமல் இருட்டில் உட்கார்ந்து பார்த்தோம், அதனால் வந்தது.

"தன் ரசனைதான் உசத்தி என்கிறாள்" என்று இப்போதே யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. 'காஞ்சனா'வில் கோவை சரளாவின் இடுப்பில் ராகவா லாரன்ஸ் தாவி ஏறியபோது உங்களைவிடச் சத்தமாகச் சிரித்தவள் நான். சிரிக்க வேண்டுமென்றால் சிரிக்கிற படத்தைக் கேளுங்கள், போடுகிறேன். பயம் வேண்டும் என்று கேட்டுவிட்டுச் சிரிப்பு வரவில்லை என்று குறை சொன்னால் எப்படி? சப்டைட்டிலைப் படித்துக்கொண்டே எப்படிப் பயப்படுவது என்று சித்தி கேட்டது நியாயம்தான். ஆனால் சித்தி அதையும் படிக்கவில்லை, பூ தொடுத்துக்கொண்டிருந்தார்.

நான் ஏன் 'பூதகாலம்' படத்தைத் தேர்ந்தெடுத்தேன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. படுக்கையில் கிடந்த பாட்டி இறந்த பிறகு, அதே வீட்டில் மிஞ்சும் தாயும் மகனும்தான் கதை. ராத்திரியில் வீடு எழுப்பும் சத்தத்தை நம்புவதா, தன் புத்தியைச் சந்தேகப்படுவதா என்று தெரியாமல் அவர்கள் தவிப்பார்கள். போன ஐப்பசியில் அம்மா போனதிலிருந்து எங்கள் சமையலறையிலும் இரவு இரண்டு மணிக்கு ஏதோ ஒரு பாத்திரம் லேசாக நகர்கிறது. எலியாக இருக்கலாம். எழுந்து போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வந்ததில்லை. எலியாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்றும் ஒரு பயம் இருக்கிறது.

திரையில் அந்தத் தாயாக நடித்த ரேவதி பேசாமல் உட்கார்ந்திருந்தபோதுதான் அத்தான் கொட்டாவி விட்டுக் காட்டினார். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன், ரிமோட்டை நானே எடுத்துக் கொடுத்தேன்.

அக்கா, உங்கள் பஜ்ஜித் தட்டு இங்கேதான் இருக்கிறது. வந்து எடுத்துக்கொள்ளுங்கள். அத்தானையும் அழைத்து வாருங்கள், ஹால் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும்.