பானையைக் கழற்றுங்கள் தம்பி

அந்த ரீல்ஸை மறுபடி இங்கே பகிர மாட்டேன். இரண்டு நாளாக எல்லாருடைய டைம்லைனிலும் அதுதான் ஓடுகிறது, பார்த்திருப்பீர்கள். மொட்டைமாடி, தகரக் கூரை, சுவர் முழுக்கக் கம்பிக் கூண்டு, உள்ளே பட்ஜி என்கிற குட்டிக் கிளிகள், முட்டையிடக் கூண்டுக்கு ஒரு பானை. "ஒரே ஜோடி, வருஷத்துக்கு ஆறு அடை" என்று அந்தத் தம்பி விரலை விரித்துக் காட்டுகிறார். (ஒரு தடவை முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சு வளர்த்து முடிப்பதுதான் ஒரு அடை.) கீழே ஹார்ட்டு கொட்டுகிறது. நான் போட்டது ஒரே ஒரு கமெண்ட்: "இரண்டு அடைக்கு அப்புறம் பானையைக் கழற்றிவிடுங்கள் தம்பி, தாய் தாங்காது." திட்டவில்லை. தம்பி என்றுதான் கூப்பிட்டேன்.

வந்த பதில்களை நீங்களும் படித்திருப்பீர்கள். "மேடத்துக்குப் பொறாமை." "வீட்ல வேலை இல்லையா மேடம்?" "குருவிக்கு மெட்டர்னிட்டி லீவு கேக்குறாங்கடோய்." கடைசிப் பதிலுக்கு எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஆமாம் சார், அதைத்தான் கேட்கிறேன்.

கணக்குப் போடுவோம். வீட்டில் வளர்க்கிற சாதாரண பட்ஜி 30 முதல் 40 கிராம். ஐந்து பத்து ரூபாய் நாணயத்தை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள், ஏறக்குறைய அவ்வளவுதான் அந்த உடம்பு. ஒரு முட்டை சுமார் 2 கிராம். ஒருநாள் விட்டு ஒருநாள் என்று ஆறு முட்டை இட்டால் 12 கிராம், அதாவது தன் எடையில் மூன்றில் ஒரு பங்கை உடம்பிலிருந்து எடுத்து வெளியே வைக்கிறது. முட்டை பொரிய 18 நாள். குஞ்சு பானையை விட்டு வெளியே வர இன்னும் ஐந்து வாரம். முதல் முட்டையிலிருந்து கடைசிக் குஞ்சு இறங்கும்வரை இரண்டு மாதம் ஆகிவிடும். ஆறு அடை என்றால் பன்னிரண்டு மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை. இதைப் பெருமையாகச் சொல்கிறோம், ஹார்ட்டு போடுகிறோம்.

அதைவிட என்னை உறுத்தியது இன்னொன்று. வீடியோவில் இரண்டாவது கூண்டை குளோசப்பில் காட்டுகிறார் இல்லையா, அந்த நீலக் குருவியின் நெற்றியைப் பாருங்கள். கறுப்புக் கோடுகள் மூக்குவரை இறங்கியிருக்கின்றன. முதல் இறகு உதிரும்வரைதான் அந்தக் கோடு இருக்கும். அதாவது அதற்கு நாலு மாதம்கூட ஆகியிருக்காது. அந்தக் கூண்டிலும் பானை மாட்டியிருக்கிறது. உடம்பு முட்டையிட ஆரம்பித்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு வயது நெருங்கும்வரை ஜோடி சேர்க்கக் கூடாது என்று வளர்ப்பவர்கள் பலரும் சொல்வது சும்மாவா?

இதெல்லாம் எனக்குப் பிறந்தபோதே தெரிந்துவிட்டதா என்றால், இல்லை. இதைச் சொல்லவே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். 2016இல் மதுரையில் ஒரு கடையில் முதல் ஜோடி வாங்கினேன். மஞ்சள் பெண்ணுக்கு மஞ்சு என்று பெயர் வைத்தாள் என் மகள். கடைக்காரர் ஒரு பானையும் ஒரு கிலோ தினையும் கொடுத்து, "மாட்டி விடுங்கக்கா, அதுவே பாத்துக்கும்" என்றார். அதுவே பார்த்துக்கொண்டது. முதல் அடையில் நாலு குஞ்சு. இரண்டாவதில் ஐந்து. தெருவில் எனக்கு "கிளி அக்கா" என்று பெயரே வந்துவிட்டது. மூன்றாவது தடவை மஞ்சு பானைக்குள் போனபோது பாயசம் வைக்காத குறை.

ஒருநாள் காலையில் மஞ்சு கம்பியில் இல்லை, பானையில் இல்லை. கூண்டின் தரையில் மூலையில் பஞ்சுருண்டை மாதிரி உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வால் மட்டும் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருந்தது. கையில் எடுத்தபோது கடிக்கவில்லை. அது கடிக்காததுதான் எனக்குப் பயமாக இருந்தது. வயிற்றுக்குக் கீழே விரலுக்குக் கல் மாதிரி தட்டுப்பட்டது. முட்டை, வெளியே வர முடியாமல். பக்கத்துத் தெரு கால்நடை மருத்துவர், "நான் மாடும் நாயும்தாம்மா பாக்குறேன்" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. பல்பு வெளிச்சத்தில் சூடு காட்டினேன். மத்தியானம் ஒரு மணிக்கு முடிந்துவிட்டது. பானைக்குள் ஏற்கெனவே இட்ட இரண்டு முட்டை இருந்தன. மகள் அவற்றை இரண்டு நாள் பஞ்சில் பொதிந்து வைத்திருந்தாள்.

அப்புறம்தான் தேடித் தேடிப் படித்தேன். முட்டை ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து தீனியில் வராவிட்டால் அது தன் எலும்பிலிருந்து எடுத்துக்கொடுக்கும். வெறும் தினையில் என்ன வரும்? கூண்டில் ஒரு துண்டு கடல் நுரை கட்டித் தொங்கவிட்டிருக்கலாம். கணவாய் மீனின் ஓடுதான் அது, நாட்டு மருந்துக் கடையில்கூட கிடைக்கும். அவித்த முட்டையும் முருங்கைக் கீரையும் கொடுத்திருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டாவது அடையோடு பானையைக் கழற்றியிருக்கலாம். நான் கழற்றவில்லை. அதனால்தான் தம்பியிடம் சொன்னேன். இதில் பொறாமை எங்கே வந்தது என்று எனக்குப் புரியவே இல்லை.

"காட்டில் யார் மேடம் பானையைக் கழற்றுகிறார்கள்?" என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி, நிஜமாகவே. பட்ஜிக்குச் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு. (நாம் லவ் பேர்ட்ஸ் என்று கூப்பிடுகிறோம், அசல் லவ் பேர்ட் ஆப்பிரிக்காவில் இருக்கிறது. அது வேறு கதை.) அங்கே மழை பெய்து புல் விதை பிடித்தால்தான் அது முட்டையிடும். மழை இல்லையென்றால் கூட்டமாக வேறு இடம் தேடிப் பறந்துவிடும், குடும்பம் நடத்தாது. அங்கே மழை நின்றுபோவதே பானையைக் கழற்றிவிடுகிறது. நம் கூண்டில் தட்டு நிறைய தினை, கிண்ணம் நிறைய தண்ணீர், தலைக்கு மேல் பானை. அந்தக் குருவியைப் பொறுத்தவரை 365 நாளும் மழைக்காலம். பிறகு அது எப்படி நிறுத்தும்? நிறுத்த வேண்டியது நாம்தான்.

"அது ஏழைப் பையனின் பிழைப்பு" என்று சிலர். சரி. பிழைப்பைக் கெடுக்க எனக்கு ஆசையா? ஆனால் பிழைப்பு என்று பார்த்தாலும் இரண்டு வருஷத்தில் செத்துப்போகிற தாய் லாபமா, ஒழுங்காக வைத்தால் ஏழெட்டு வருஷம் இருக்கிற குருவி லாபமா? இதற்கு மேல் இந்தக் கேள்விக்குள் போக எனக்குப் பொறுமை இல்லை.

"பிராய்லர் சாப்பிடுவீங்களா மேடம்?" சாப்பிடுவேன். ஞாயிற்றுக்கிழமை பிரியாணியும் உண்டு. என் அப்பத்தா அடைக்கோழியைத் தண்ணீரில் முக்கி அடை தெளியவைத்தவர்தான், அதையும் நானே சொல்லிவிடுகிறேன், நாளைக்கு யாராவது தோண்டி எடுக்க வேண்டாம். நான் பேசுவது செல்லம் என்று சொல்லி வாங்கி, பெயர் வைத்து, போட்டோ போட்டு வளர்க்கிற உயிரைப் பற்றி.

"நீங்களும் கூண்டில்தானே வைத்திருக்கிறீர்கள்?" ஆமாம். திறந்துவிட்டால் எங்கள் தெருக் காக்கா ஒரு மணி நேரம் விட்டுவைக்காது. இந்தப் பதில் எனக்கே முழுசாகப் போதவில்லை என்பதும் தெரியும். அதற்காக வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா? கூண்டில் வைத்துவிட்ட பிறகாவது மிச்சத்தைச் சரியாகச் செய்வோம் என்று சொல்லக் கூடாதா?

இன்னொன்று. இது கத்திரி வெயில். எந்த ஊரானாலும் தகரத்துக்குக் கீழே மத்தியானம் என்ன சூடு இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வீடியோவில் பின்னால் இரண்டு குருவி வாயைத் திறந்து, றெக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்திருக்கின்றன. அது பாட்டுப் பாடவில்லை தம்பி, மூச்சு வாங்குகிறது. பானைக்குள் இருக்கிற குஞ்சுகளின் பாடு இன்னும் மோசம். தாய் முதல் இரண்டு முட்டையிலேயே அடை உட்கார்ந்துவிடுவதால் குஞ்சுகள் ஒருநாள் விட்டு ஒருநாள் பொரியும். மூத்தது முள் இறகோடு இருக்கும்போது கடைசி, தோலுரித்த மொச்சைக்கொட்டை மாதிரி கிடக்கும். அடியில் நசுங்குவது அதுதான். தினமும் பானைக்குள் எட்டிப் பார்த்தால் தெரியும். எத்தனை பேர் பார்க்கிறார்கள்? "அதுவே பாத்துக்கும்."

அதே பக்கத்தில் அடுத்த வீடியோ பச்சைக்கிளிக் குஞ்சு விற்பனை. நம் ஊர்க் கிளி அது, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வைப்பதே குற்றம். அதைச் சொன்ன என் இரண்டாவது கமெண்ட்டை நீக்கிவிட்டார்கள். முதல் கமெண்ட் மட்டும் இன்னும் இருக்கிறது, எல்லாரும் வந்து சிரித்துவிட்டுப் போவதற்கு வசதியாக. ஒருவர் என் ப்ரொஃபைலுக்கு வந்து என் மகளின் படத்துக்குக் கீழே "குருவி அம்மா" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அவளுக்கு இப்போது பதினேழு வயது. படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி கூண்டுக்குத் துணி போர்த்தும்போது மட்டும், "மஞ்சு கதையை எழுதினியாம்மா?" என்று கேட்டாள். எழுதிவிட்டேன்.

இன்பாக்ஸில் குஞ்சு கேட்டிருக்கும் நாலு பேருக்கு: இப்போதைக்கு இல்லை. இரண்டாவது அடை பங்குனியிலேயே முடிந்தது. பானையைக் கழுவிக் காயவைத்துப் பரண்மேல் போட்டாயிற்று. பெண் குருவி முதல் நாலு நாள் தீனித் தட்டுக்குள் உட்கார்ந்து பானை தேடியது, ஆணைக் கொத்தியது, என்னையும் ஒரு கடி கடித்தது. இப்போது ஊஞ்சலில் இருக்கிறது. ஐப்பசிக்கு அப்புறம் கேளுங்கள், அதுவும் அதன் உடம்பைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன்.